குறைந்த செலவில் வழியறியும் யந்திர வண்டி

ஓரிடத்திலிருந்து புறப்பட்ட ஒருவன், தான் இப்பொழுது எங்கே இருக்கின்றான் என்பதைக் கண்டறிய மூன்று செய்திகள் தெரிந்தால் போதும். எங்கிருந்து புறப்பட்டான், எத்திசையில் சென்றான், எவ்வளவு தூரம் சென்றான் என்பனவே அம்மூன்றும். மைல்கல்லும் வேண்டா, வழியில் கேட்பதற்கு ஆளும் வேண்டா. கணக்கு ஒன்றே துணை.

கரை காணாத கடலில் மாலுமிகள் பல நூற்றாண்டுகள் இம்முறையையே நம்பி வாழ்ந்தனர். கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் எறிவர். அக்கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 விநாடியில் வடியும் மணற்கடிகையைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணுவர். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' என்னும் அளவால் கூறுகின்றோம். அச்சொல்லுக்கு முடிச்சு என்பதே பொருள். திசையைக் காந்த ஊசி காட்டிற்று. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கித் தூரம் கண்டு, படத்தில் புள்ளி இட்டு, அப்புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் சென்றனர்.

இந்நாளில் வானத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் இத்தொல்லையைப் பெரிதும் நீக்கிவிட்டன. அமெரிக்கரின் ஜி.பி.எஸ். அமைப்பு நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் அளவுக்குள் கூறுகின்றது. ஆயினும் அவற்றின் வானொலி அலைகள் மிக நலிந்தவை. பாறையையும் மண்ணையும் அவை ஊடுருவா. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்ற ரோதாங் அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர் நீளமுடையது. அதனுள் நுழையும் வண்டிக்கு வானத்துக் கோள்களின் நேர்த்துணை அற்றுப்போகின்றது. நிலக்கரிச் சுரங்கம், பெரிய கிடங்கு, நகரத்தின் அடியில் ஓடும் பாதாளச் சாக்கடை ஆகிய யாவும் இத்தகைய இடங்களே.

பாதாளச் சாக்கடையை ஈண்டு எடுத்துக் கூறுவதற்குத் தக்க காரணம் உண்டு. மனிதர் கையால் மலம் அகற்றும் கொடுமையையும், பாதுகாப்பின்றி அவர்களைச் சாக்கடைக்குள் இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்கின்றது. அதற்குப் பின்னரும் நச்சுக்காற்று உயிர்களைப் பறித்துக்கொண்டுதான் இருக்கின்றது. அவ்வாறு இறப்போர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இழப்பீட்டினும் சிறந்தது, இறக்காமற் காப்பது அன்றோ? மனிதன் இறங்கவேண்டிய இடத்தில் விளக்கும் காமிராவும் பொருத்திய சிறு சக்கர வண்டியை இறக்கலாம். அது குழாயின் வெடிப்பையும் அடைப்பையும் கண்டு காட்டும். ஆனால் அந்த வெடிப்பு மேலேயுள்ள தெருவில் எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கின்றது? இதனைத் துல்லியமாகக் கூறாத வண்டியால் பயன் பாதியே. தவறான இடத்தில் தெருவைத் தோண்டிப் பணத்தை வீணாக்கிய பின், ஒரு தொழிலாளியை உள்ளே இறக்கிப் பார்க்கும் ஆசை மீண்டும் தலைதூக்கும்.

துல்லியமாக வழியறியும் கருவிகள் உலகில் இல்லாமல் இல்லை. அவற்றின் விலை பல லட்சம் ரூபாய். சிறிய நகராட்சி ஒன்று அதனை வாங்க இயலாது. ஆகவே, சில நூறு ரூபாய்க் கருவியைக் கொண்டு இவ்வேலையை எவ்வளவு செவ்வையாகச் செய்விக்கலாம் என்பதே நம் முன் உள்ள வினா.

சடத்துவம் என்னும் இயல்பு

நின்றிருந்த பேருந்து திடீரெனப் புறப்பட்டால் நாம் பின்னோக்கிச் சாய்கின்றோம். ஓட்டுநர் தடையை அழுத்தினால் முன்னோக்கிச் சாய்கின்றோம். வண்டி இடப்புறம் திரும்பினால் வலப்புறம் ஒதுங்குகின்றோம். நின்ற பொருள் நிற்கவும், ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடவும் முயலும் இவ்வியல்பைச் சடத்துவம் என்று முன்னோரும் நிலைமம் என்று இக்காலப் பாடநூல்களும் கூறுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு பேருந்தில் செல்பவனும் வண்டி விரைந்ததையும், நின்றதையும், திரும்பியதையும் தன் உடலாலேயே உணர்கின்றான். அவ்வுணர்வை அளந்து எழுதி வைத்தால், வெளியே பாராமலே வண்டி சென்ற வழியை வரைந்துவிடலாம். சடத்துவ வழியறிதல் என்பது இதுவே.

இதற்கு இருவகைக் கருவிகள் தேவை. முதலாவது முடுக்கமானி, வேகம் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதை அது அளக்கும். மற்றொன்று ஜைராஸ்கோப், வண்டி எவ்வளவு விரைவாகத் திரும்புகின்றது என்பதை அது கூறும். முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் வேகம் கிட்டும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் தூரம் கிட்டும். திரும்பும் விரைவைக் கூட்டினால் திசை கிட்டும்.

ஜைராஸ்கோப் என்னும் பெயரை இட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி பூக்கோ, ஆண்டு 1852. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது என்பது அதன் அடிப்படை. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் அமைத்த கருவி, ஒரு விமானத்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகர்வரை வழி காட்டிற்று. அக்கருவியின் எடை ஒரு டன்னுக்கும் மேல். 1958 ஆகஸ்டு 3-ஆம் நாள் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல், பனிக்கட்டிக்கு அடியிலேயே சென்று வட துருவத்தைக் கடந்தது. அங்கே காந்த ஊசி தடுமாறும்; விண்மீன்களைக் காணவும் இயலாது. சடத்துவக் கருவியே அதற்குப் பெருந்துணையாயிற்று. நம் நாட்டில் ராக்கெட்டுகளுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் வேண்டிய இவ்வகைக் கருவிகளை, இஸ்ரோவின் சடத்துவ அமைப்புகள் பிரிவு திருவனந்தபுரத்தில் உருவாக்குகின்றது.

பெரிய பயணிகள் விமானங்களில் உள்ள உயர்தரக் கருவி, வெளித்துணை ஏதுமின்றி ஒரு மணி நேரம் பறந்த பின்னும் ஏறத்தாழ ஒரு கடல் மைல் அளவே பிழைபடும். அதிலுள்ள ஜைராஸ்கோப் ஒளியைக் கொண்டு திருப்பத்தை அளக்கின்றது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதையும் அது உணரும். விலை உயர்வுக்கு இந்த நுண்மையே காரணம்.

சில்லுக்குள் ஓர் ஊசல்

இனி, மலிவான கருவியைக் காண்போம். கைப்பேசியைத் திருப்பினால் படமும் திரும்புகின்றது. மோட்டார் வண்டி மோதிய கணத்திலேயே காற்றுப்பை விரிகின்றது. இவற்றுக்குக் காரணம் சிலிக்கனில் செதுக்கிய நுண்ணிய கருவிகளே. 1990-களில் காற்றுப்பைகளுக்காகப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியமையால் முடுக்கமானியின் விலை வீழ்ந்தது. பின்னர்க் கைப்பேசிகளின் பெருக்கம் ஜைராஸ்கோப்பின் விலையையும் குறைத்தது.

இச்சில்லுக்குள் மயிரிழையினும் மெல்லிய சிலிக்கன் வில்களில் ஒரு சிறு திண்மம் தொங்குகின்றது. வண்டி விரையும்பொழுது அத்திண்மம் சற்றே பின்தங்கும். அதன் விளிம்பிலுள்ள சீப்புப் பற்களுக்கும் எதிரேயுள்ள பற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறும். அம்மாற்றத்தை மின்சாரத்தால் அளக்கின்றனர். ஜைராஸ்கோப் சில்லில் சுழலும் பம்பரம் கிடையாது. இடைவிடாது அதிரும் திண்மம் ஒன்று உண்டு. வண்டி திரும்பும்பொழுது அது பக்கவாட்டில் விலகுகின்றது. சுழலும் தளத்தில் நகரும் பொருளுக்கு இவ்வாறு விலக்கம் தோன்றுவதை 1835-இல் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் கணித முறையில் விளக்கினார். மூன்று முடுக்கமானிகளும் மூன்று ஜைராஸ்கோப்புகளும் அடங்கிய சில்லு ஒன்று 4 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் உடையது. சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கின்றது. ஒரு டன் எடையுள்ள பெட்டி நகத்தின் மேல் அடங்கிவிட்டது என்று மகிழலாம். ஆனால் அதன் துல்லியமும் உடன் வந்துவிடவில்லை.

பிழை வளரும் கணக்கு

தராசுத் தட்டின் அடியில் சிறிது புளி ஒட்டியிருந்தால், தட்டில் ஒன்றும் இல்லாதபொழுதே அது எடை காட்டும். மலிவான சில்லுகளிலும் இக்குறை உண்டு. வண்டி அசையாமல் நிற்கும்பொழுதும் அவை ஏதோ ஓர் அளவைக் காட்டும். இதற்குச் சுழிப்பிழை என்று பெயர். தராசின் பிழை ஒவ்வொரு நிறுவையிலும் ஒரே அளவாக இருக்கும். சில்லின் பிழையோ, நாம் கூட்டிக்கொண்டே செல்வதனால் வட்டிக்கு வட்டிபோல் வளரும்.

முடுக்கமானியில், புவியீர்ப்பு முடுக்கத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு சுழிப்பிழை உள்ளது என்று கொள்வோம். இது மலிவுச் சில்லுக்குப் பெரும்பிழை அன்று. முடுக்கத்திலிருந்து தூரம் காண இருமுறை கூட்டவேண்டியிருப்பதால், பிழை நேரத்தின் இருபடியாகப் பெருகும். ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 18 மீட்டர் பிழை. பத்து நிமிடத்தில் 1,760 மீட்டருக்கும் மேல். அசையாமல் நின்ற வண்டி, ஒரு மைல் தூரத்துக்கு மேல் சென்றுவிட்டதாகக் கணக்குக் காட்டும்!

ஜைராஸ்கோப்பின் நிலை இத்துணை இழிந்ததன்று. திசை காண ஒருமுறை கூட்டினால் போதும். விநாடிக்குப் பாகையில் பத்தில் ஒரு பங்கு பிழை இருப்பின், ஒரு நிமிடத்தில் 6 பாகை திரிபு உண்டாகும். ஆயினும் வழியில் இது பெருங்கேடே. ஒரு பாகை திசை தவறி 100 மீட்டர் சென்றால் 1.75 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடுவோம். மேலும் சுழிப்பிழை ஒருநிலையில் நில்லாது. சில்லு சூடாகும்பொழுது மாறும். மின்னிணைப்பை நீக்கி மீண்டும் கொடுத்தால் வேறாகும்.

சக்கரத்தின் சாட்சி

விமானத்துக்கும் கப்பலுக்கும் இல்லாத ஒரு பேறு நம் சிறு வண்டிக்கு உண்டு. அதன் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே செல்கின்றது. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணி, அதன் சுற்றளவால் பெருக்கினால் தூரம் தெரியும். இடச்சக்கரமும் வலச்சக்கரமும் சென்ற தூரங்களின் வேறுபாட்டிலிருந்து திருப்பமும் தெரியும். இது புதிய எண்ணமன்று. சீன நாட்டில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே மா சுன் என்னும் பொறியறிஞர் 'தென்திசை காட்டும் தேர்' அமைத்ததாக வரலாறு கூறுகின்றது. தேர் எப்பக்கம் திரும்பினும், மேலேயுள்ள பாவையின் கை தெற்கையே காட்டுமாம். இரு சக்கரங்களின் சுழற்சி வேறுபாட்டைப் பற்சக்கரங்களால் பாவைக்கு ஊட்டியதே இதன் மறைபொருள் என்பர்.

எனினும் சக்கரமும் பொய் கூறும். இரு சக்கரங்களுக்கிடையே 30 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வண்டி ஒன்றில், ஒரு சக்கரம் மற்றதைவிட நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாக இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் ஒரே அளவாகச் சுழற்றினால், வண்டி நேரே செல்வதாகவே கணக்குக் கூறும். ஆனால் பத்து மீட்டர் செல்வதற்குள் அது 19 பாகை திரும்பிவிட்டிருக்கும். நேர்வழியினின்று ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். இன்னும் சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கும்; சுழலும், ஆனால் செல்லாது.

2005 ஏப்ரலில் செவ்வாய்க் கோளின் மேல் இதுவே நிகழ்ந்தது. ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஆறு சக்கர வண்டி ஒரு மணல்மேட்டில் புதைந்தது. சக்கரங்கள் பல பத்து மீட்டர் தூரத்துக்குச் சுழன்றும் வண்டி முன்னேறவில்லை. அதனை மீட்க ஜூன் மாதம்வரை ஆயிற்று. அதற்கு முன் 1997-இல் அங்கே இறங்கிய சோஜர்னர் என்னும் சிறு வண்டியிலோ ஜைராஸ்கோப்பின் நழுவல் தொல்லை தந்தது. தாய்க்கலத்தின் காமிராப் படங்களைக் கொண்டு அதன் இடத்தையும் திசையையும் நாள்தோறும் திருத்திவந்தனர்.

இரு சாட்சிகளை இணைத்தல்

சக்கரமும் பிழைபடும், சில்லும் பிழைபடும் எனின் என் செய்வது? இரண்டும் ஒரே விதமாகப் பிழைபடுவதில்லை என்பதே நமக்கு வாய்த்த நற்பேறு. சில்லின் பிழை நேரம் செல்லச் செல்ல வளரும். சக்கரத்தின் பிழை தூரம் செல்லச் செல்ல வளரும். வண்டி நிற்கும்பொழுது சக்கரம் பொய் கூறாது. வழுக்கித் திரும்பும்பொழுது ஜைராஸ்கோப் ஏமாறாது. ஆதலின் பொறியறிஞர் கையாளும் முறைகள் பின்வருமாறு அமைகின்றன.

முதலாவதாக, தூரத்தை முடுக்கமானியிடம் கேளாமல் சக்கரத்திடமே கேட்கவேண்டும். திசையை ஜைராஸ்கோப்பிடம் கேட்கவேண்டும். முடுக்கமானியைக் கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல் பயன்படுத்தினால் போதும். வண்டி நிற்கும்பொழுது அது புவியீர்ப்பின் திசையைக் காட்டும்; அதிலிருந்து வண்டியின் சாய்வு தெரியும்.

இரண்டாவதாக, வண்டியை அடிக்கடி சில விநாடிகள் நிறுத்தவேண்டும். சக்கரம் சுழலவில்லையெனின் திருப்பமும் இல்லை. அப்பொழுது ஜைராஸ்கோப் காட்டுவது முழுவதும் சுழிப்பிழையே. அதனைக் குறித்துக்கொண்டு, பின்வரும் அளவுகளில் கழித்துவிடலாம். தட்டின் அடியிலுள்ள புளியைச் சுரண்டிவிட்டு நிறுப்பது போன்றது இது. செலவில்லாத இவ்வொரு முறையினால் விளையும் நன்மை மிகப் பெரிது.

மூன்றாவதாக, சக்கர வண்டி பக்கவாட்டில் நகராது; மேலே பறக்காது. இவ்வுண்மையைக் கணக்கில் சேர்த்துவிட்டால், அத்திசைகளில் முடுக்கமானி கூறும் பொய்கள் யாவும் தள்ளுபடியாகும்.

நான்காவதாக, புறப்படுமுன் வண்டியைச் சோதிக்கவேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரன்ஸ்டைன், பெங் ஆகிய இருவரும் 1990-களில் ஓர் எளிய வழியை வகுத்தனர். தரையில் ஒரு சதுரத்தைச் சுற்றி வண்டியை வலமாகப் பலமுறையும் இடமாகப் பலமுறையும் ஓட்டுவர். ஒவ்வொரு முறையும் புறப்பட்ட இடத்துக்கும் வந்துசேர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பர். இரு பக்கமும் ஓட்டுவது ஏன்? ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால், சக்கர அளவின் பிழையும் சக்கர இடைவெளியின் பிழையும் ஒன்றையொன்று மறைத்து, வண்டி குறையற்றதாகத் தோன்றக்கூடும். இருபுறமும் ஓட்டினால் இரண்டும் வெளிப்பட்டுவிடும். இச்சோதனைக்கு அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் போதும். சக்கரம் கூறும் திருப்பமும் ஜைராஸ்கோப் கூறும் திருப்பமும் மிகவும் மாறுபடும் கணங்களில் மட்டும் ஜைராஸ்கோப்பை நம்பி, மற்ற வேளைகளில் சக்கரத்தை நம்பும் முறையையும் அவ்விருவரே 1996-இல் வெளியிட்டனர்.

இவை அனைத்தையும் ஓர் ஒழுங்கில் இணைப்பது, 1960-இல் ருடால்ப் கால்மான் என்னும் அறிஞர் வெளியிட்ட கணித முறை. அதனைக் கால்மான் வடிகட்டி என்பர். ஊர்ப் பஞ்சாயத்தில் இரு சாட்சிகள் மாறுபடக் கூறினால், அறிவுடைய நாட்டாண்மைக்காரர் ஒருவரை முற்றிலும் தள்ளுவதில்லை. ஒவ்வொருவரும் முன்னர் எவ்வளவு உண்மை கூறினார் என்பதை நினைந்து, அதற்கேற்ப மதிப்பளித்து முடிவு செய்கின்றார். கால்மான் வடிகட்டி செய்வதும் அதுவே. ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு ஐயம் உண்டு என்பதை எண்ணால் குறித்து, ஐயம் குறைந்ததற்கு மிகுந்த நிறை தருகின்றது. 'நான் இங்கே இருக்கின்றேன்' என்பதோடு நில்லாமல், 'இவ்வளவு தூரம் பிழைபட்டிருக்கலாம்' என்பதையும் கூறுகின்றது. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற அப்போலோ கலங்களில் இம்முறை பயன்பட்டது. இன்று சில நூறு ரூபாய் விலையுள்ள கணக்கிடும் சில்லே விநாடிக்குப் பலமுறை இதனைச் செய்துவிடுகின்றது.

எல்லையும் பயனும்

எத்துணைத் திறமையாக இணைப்பினும், உள்ளிருந்தே அளக்கும் கருவிகளின் பிழை வளராமல் நில்லாது. அதனை மெல்ல வளரச் செய்யலாம், அவ்வளவே. இடையிடையே வெளியுலகின் அடையாளம் ஒன்றைக் கண்டு கணக்கைப் புதுப்பிக்கவேண்டும். பெரிய கிடங்குகளில் சரக்கைச் சுமந்து திரியும் வண்டிகள், தரையில் ஒட்டியுள்ள குறிச்சதுரங்களைக் காமிராவால் படித்துக்கொள்கின்றன. 2023 ஆகஸ்டில் சந்திரனில் இறங்கிய நம் பிரக்யான் வண்டியும் தன் காமிராப் படங்களைப் பூமிக்கு அனுப்பிற்று. எதிரே மூன்று மீட்டரில், நான்கு மீட்டர் அகலமுள்ள பள்ளம் இருப்பது தெரிந்ததும், வந்த வழியே திரும்புமாறு விஞ்ஞானிகள் அதற்கு ஆணையிட்டனர்.

பாதாளச் சாக்கடையில் இத்தகைய அடையாளம் இயல்பாகவே அமைந்துள்ளது. தெருவில் காணும் ஆள்நுழைவாய்கள் எங்கெங்கே உள்ளன என்பது முன்னரே தெரிந்த செய்தி. ஒன்றிலிருந்து மற்றொன்றுவரை பிழையை அடக்கி வைத்தால் போதும். இரண்டுக்குமிடையே 30 மீட்டர் தூரம் என்று கொள்வோம். திசை ஒரு பாகை தவறினும் அரை மீட்டரே விலகும். ஆனால் வழுக்கலான சகதியில் சக்கரம் நூற்றுக்கு ஐந்து பங்கு வீணே சுழன்றால், தூரத்தில் ஒன்றரை மீட்டர் பிழை நேரும். நேர்வழியில் இரு சக்கரங்களும் ஒருங்கே வழுக்குவதை ஜைராஸ்கோப் காட்டிக்கொடாது. ஆகவே இயந்திரத்தால் உந்தப்படாமல் வெறுமனே உருண்டு வரும் அளவுச் சக்கரம் ஒன்றை வண்டியின் பின்னே சேர்ப்பது நலம். உந்தப்படாத சக்கரம் அவ்வளவாக வழுக்காது. வண்டியை இழுக்கும் வடத்தின் நீளத்தையும் அளந்துகொள்ளலாம். பெட்ரோலியக் குழாய்களுக்குள் செல்லும் சோதனைக் கருவிகள், குழாய்த்துண்டுகளைப் பற்றவைத்த மூட்டுகளை எண்ணித் தம் தூரக்கணக்கைத் திருத்திக்கொள்கின்றன. சாக்கடைக் குழாயிலும் துண்டுக்குத் துண்டு மூட்டு உண்டு. வண்டி அதன்மேல் ஏறி இறங்கும் சிறு அதிர்வை முடுக்கமானி உணரும். தூரம் அளக்க உதவாது என்று நாம் ஒதுக்கிய கருவியே இவ்வாறு மைல்கல் எண்ணும் வேலைக்குப் பயன்படுகின்றது.

இவற்றால் ஒன்று தெளிவாகும். விலையுயர்ந்த கருவி தன் நுண்மையால் சாதிப்பதில் ஒரு பகுதியை, மலிவான கருவி தன்னைப் பயன்படுத்துவோரின் அறிவால் சாதிக்கின்றது. சுழிப்பிழையைக் கழிக்கவும், சதுரத்தில் ஓட்டிச் சோதிக்கவும், மூட்டுகளை எண்ணவும் வேண்டியது பெரும்பொருள் அன்று, பொறுமையும் கணக்கறிவுமே. நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் இத்தகைய வண்டிகளைச் செய்து பழகும் மாணவர் பலர் உளர். அவர்கள் போட்டிக்களத்தில் கோட்டின் மேல் வண்டி ஓட்டிப் பரிசு பெறுவதோடு நில்லாமல், தம் ஊர் நகராட்சியின் பொறியாளரை அணுகி, எந்தக் குழாயில் எவ்விடத்தில் அடைப்பு என்பதை ஒரு முழ அளவுக்குள் கூறும் வண்டியைச் செய்துதர முன்வருவாராக. சாக்கடை மூடியைத் திறந்து ஒருவரை உள்ளே அனுப்பவேண்டிய தேவை ஒரு தெருவிலேனும் அதனால் நீங்குமாயின், அவர்கள் கற்ற கணக்கு நன்கு பயன்பட்டதாகும்.